சுடரைத் தடுக்கும் கம்பி வலை

திருவனந்தபுரத்தில் பல வீடுகளின் பின்புறத்தே ஒரு கலம் இருக்கக் காணலாம். கஞ்சித் தண்ணீர், காய்கறித் தோல், மீன் கழிவு முதலியவை அதனுள் காற்றுப் படாமல் நொதித்து எரிவாயுவாகின்றன. அவ்வாயு குழாய் வழியே அடுப்பை அடைகிறது. அக்குழாயினுள் ஒரு சிறு கம்பி வலை இருத்தல் வேண்டும். சுடரைத் தடுப்பதே அதன் பணி. அவ்வலைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நமக்கோர் எச்சரிக்கையும் உண்டு.

1812 மே 25ஆம் நாள், வட இங்கிலாந்திலுள்ள பெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டனர். அவருள் சிறுவரும் பலர். நிலக்கரியிலிருந்து கசியும் மீதேன், காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருப்பின் ஒரு பொறியே வெடிக்கப் போதுமானது. விளக்கின்றிச் சுரங்கத்தில் வேலை நடவாது. அவ்விளக்கே கூற்றுவனாகவும் நின்றது.

1815இல் இச்சிக்கல் இரசாயன அறிஞர் ஸர் ஹம்ப்ரி டேவியிடம் வந்தது. மிகக் குறுகிய துளைகளின் வழியே சுடர் கடந்து செல்லாது என்று அவர் சோதனையிற் கண்டார். துளையைச் சூழ்ந்துள்ள உலோகம் சுடரின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே அப்பாலுள்ள வாயு பற்றும் அளவிற்குச் சூடேறுவதில்லை. சதுர அங்குலத்திற்கு 784 கண்கள் கொண்ட கம்பி வலையால் அவர் விளக்கைப் போர்த்தினார். 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அது சோதிக்கப்பட்டது. அதற்குக் காப்புரிமை பெற டேவி மறுத்துவிட்டார். கிளானி, ஜார்ஜ் ஸ்டீபன்ஸன் ஆகியோரும் அக்காலத்தே வேறு வகையான காப்பு விளக்குகளை அமைத்தனர்.

இனி எவரும் சாகார் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1835இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு கண்ட கணக்கு வேறு. டர்ஹாம், நார்தம்பர்லாந்து மாவட்டங்களில், விளக்கு வருமுன் 18 ஆண்டுகளில் மாண்டவர் 447 பேர்; வந்தபின் 18 ஆண்டுகளில் மாண்டவரோ 538 பேர்!

காரணம் யாது? விளக்கை நம்பி, முன்னர் அஞ்சிக் கைவிட்ட ஆழமான பகுதிகளிலும் வெட்டத் தொடங்கினர். வலை துருப்பிடித்தது, கிழிந்தது. வேகமான காற்றோட்டத்தில் சுடர் வலையையும் கடந்தது. ஒளி மங்கலாக இருக்கிறதென்று வலையைக் கழற்றியவரும், புகைக்குழலைப் பற்றவைக்க விளக்கைத் திறந்தவரும் உண்டு.

சுரங்கத்தில் பகையாக இருந்த அதே மீதேனைக் கழிவிலிருந்து எடுத்துப் பயன்கொள்ளும் முயற்சி நம் நாட்டில் முன்னமே தோன்றியது. பம்பாய் மாதுங்கா தமிழருக்குப் பழகிய பெயர். அங்கிருந்த தொழுநோயாளர் விடுதியில் 1897இலேயே கழிவு வாயுவால் விளக்கேற்றினர். திருவனந்தபுரத்தில் 1994இல் தோன்றிய பயோடெக் நிறுவனம், சமையற் கழிவுக்கேற்ற கலங்களைப் பரப்பி, 2007இல் ஆஷ்டன் பரிசு பெற்றது. 2011 இறுதியில், விளப்பில்சாலையிலிருந்த நகரக் குப்பை ஆலை ஊர் மக்களின் எதிர்ப்பால் மூடப்பட்டது. அதன்பின் வீட்டுக் கழிவை வீட்டிலேயே தீர்க்கும் முறைக்கு நகரம் திரும்பியது.

கலத்தில் வாயு குறைந்து அழுத்தம் தளரும்போதோ, காற்று உட்புகும்போதோ, அடுப்புச் சுடர் குழாயினுள் பின்னோக்கி ஓடக்கூடும். அதை மறிப்பதே வலை. ஆயினும் இவ்வாயுவிலுள்ள கந்தகச் சேர்மமும் ஈரமும் உலோகத்தை அரிக்கின்றன. வலை அடைபட்டுச் சுடர் மெலிகிறது. அப்போது அதைக் கழற்றி எறிந்துவிட்டால் அடுப்பு நன்றாகத்தான் எரியும். ஒளிக்காக வலையைக் கழற்றிய சுரங்கத் தொழிலாளி கண்டதும் இத்தகைய நன்மையே.

எனவே, எந்த ஊரில் வாழினும், வீட்டில் இத்தகைய கலம் வைத்திருப்போர் சிலவற்றை நினைவிற் கொள்ளல் நலம். வாயுத் திறப்பை மூடி, அருகில் நெருப்பில்லாதபோது வலையைச் சோதிக்க வேண்டும். அடைபட்டால் தூய்மை செய்க; அரித்துப்போயிருந்தால் புதியது இடுக. புதுக் கலத்தின் முதல் வாயுவில் காற்றும் கலந்திருக்கும். அதைத் திறந்த வெளியில் போக்கிவிட வேண்டும். கலத்தின் வாயிலில் தீக்குச்சி கிழித்து வாயுவைச் சோதிப்பது ஒருபோதும் கூடாது.