பச்சை ஸ்டாம்பிலிருந்து விமான மைல் வரை



உங்களில் பலர் இப்போது வேலை நிமித்தம் அடிக்கடி விமானத்தில் போகிறீர்கள். விசேஷ வீடுகளில் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கிரெடிட் கார்டு பக்கம் போய்விடுகிறது. "எந்த கார்டுல பாயிண்ட் அதிகம்? எதுல ஃப்ரீயா ஃப்ளைட் டிக்கெட் வரும்?" இதே கேள்வியை என்னிடமும் கேட்கிறீர்கள். வகுப்பில் எந்தப் பாடத்தையும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுத்தானே தொடங்குவோம்? இதையும் அப்படியே பார்ப்போம். பதிவு கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள்.

இந்தக் கதை அமெரிக்காவில், விமானமே இல்லாத காலத்தில் தொடங்குகிறது. 1896-ல் ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற கம்பெனி பச்சை நிற ஸ்டாம்புகளை அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்றது. மளிகைக்கடையில் பத்து சென்டுக்குச் சாமான் வாங்கினால் ஒரு ஸ்டாம்ப் கொடுப்பார்கள். வீட்டில் அதை நாக்கால் நனைத்து ஒரு சின்னப் புத்தகத்தில் ஒட்டவேண்டும். 1,200 ஸ்டாம்ப் ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும். இத்தனை புத்தகத்துக்கு ஒரு விளக்கு, இத்தனைக்கு ஒரு தையல் மெஷின் என்று கணக்கு. 1960-களில் அமெரிக்கக் குடும்பங்களில் இது பெரிய மோகமாக இருந்தது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்டாம்புக்குக் கடைக்காரர் கொடுத்த காசு சாமான் விலையிலேயே சேர்ந்துவிடும். ஆகவே ஸ்டாம்ப் சேர்க்காதவரும் அதற்குப் பணம் கொடுத்தார். அடுத்து, மேஜை இழுப்பறையில் மறந்துபோன ஒவ்வொரு ஸ்டாம்பும் கம்பெனிக்கு லாபம். இன்றைய பாயிண்ட் முறை முழுவதும் இந்த இரண்டு தூண்களின் மேல்தான் நிற்கிறது.

இனி விமானத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1938 முதல் உள்நாட்டு விமானக் கட்டணத்தையும் தடங்களையும் ஓர் அரசு வாரியம் தீர்மானித்து வந்தது. எந்தக் கம்பெனியும் விலையைக் குறைத்து ஆள் பிடிக்க முடியாது. அதனால் நல்ல சாப்பாடு, நல்ல உபசரிப்பு என்று போட்டி போட்டார்கள். 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. புதுக் கம்பெனிகள் குறைந்த கட்டணத்தோடு வந்தன. பழைய கம்பெனிகள் திணறின. விலையைப் பார்த்து ஓடுகிற பயணியை எப்படிப் பிடித்து வைப்பது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸிடம் சேபர் என்ற முன்பதிவுக் கணினி இருந்தது. அதில் ஒரே தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடி, அடிக்கடி பறப்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். 1981 மே 1 அன்று ஏ-அட்வான்டேஜ் என்ற திட்டம் வந்தது. பறந்த மைல்கள் கணக்கில் ஏறும், சேர்ந்ததும் டிக்கெட் கிடைக்கும். எப்படியும் காலியாகப் போகிற இருக்கையைத்தானே கொடுக்கிறார்கள்? கம்பெனிக்குச் செலவு மிகக் குறைவு. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் தன் திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டுக்குள் டெல்டாவும் டி.டபிள்யூ.ஏ.வும் வந்துவிட்டன.

கிரெடிட் கார்டு இன்னொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கார்டு வந்தது. 1958-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்து மக்களுக்கு, அவர்கள் கேட்காமலேயே, சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. அதுதான் பின்னாளில் விசா ஆனது. 1987-ல் இரண்டு பாதைகளும் சேர்ந்தன. சிட்டிபேங்கும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து ஒரு கார்டு கொண்டுவந்தன. ஒரு டாலர் செலவு செய்தால் ஒரு மைல்.

இந்த இடத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அதுவரை மைல் என்பது பறந்தவருக்குக் கிடைத்த பரிசு. அதற்குப் பிறகு அது வங்கிக்கு விற்கும் சரக்கு. விமானக் கம்பெனி மைல்களை மொத்தமாக வங்கிக்கு விற்கும், வங்கி நமக்குக் கொடுக்கும். விமானம் ஏறாதவரும் காய்கறி வாங்கியே மைல் சேர்க்கலாம். 1999-ல் கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர், புட்டிங் என்ற இனிப்புப் பண்டத்தின் உறையில் இருந்த மைல் சலுகையைக் கணக்குப் போட்டுப் பார்த்து, சுமார் 3,000 டாலருக்கு 12,000 கப்புக்கு மேல் வாங்கினார். கிடைத்தது பன்னிரண்டு லட்சம் மைலுக்கும் மேல்! கணக்கு தெரிந்தவர் ஜெயித்த கதை அது. ஆனால் அப்படி ஜெயித்தவர்கள் மிகச் சிலரே.

சரக்கு அதிகமாக அச்சடிக்கப்பட்டால் அதன் மதிப்பு குறையும். பணவீக்கம் பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? 1988-ல் போட்டி முற்றி, ஒரு மைலுக்கு மூன்று மைல் என்று வாரி வழங்கினார்கள். அதே ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ், இலவச டிக்கெட்டுக்கு இத்தனை இருக்கைதான், இன்ன தேதிகளில் கிடையாது என்று விதியை மாற்றியது. ஏற்கெனவே சேர்த்து வைத்த மைல்களுக்கும் அது பொருந்தும் என்றது. உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பு சொன்னது. மாநில நுகர்வோர் சட்டத்தின்படி வழக்குத் தொடர முடியாது, ஒப்பந்தத்தை மீறியதாக மட்டும் வழக்காடலாம் என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தை எழுதுவது யார்? கம்பெனிதான்.

2014-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. யூத மதகுரு ஒருவர் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் திட்டத்தில் உயர்நிலை உறுப்பினர். அடிக்கடி புகார் செய்கிறார் என்று சொல்லி 2008-ல் அவரை நீக்கினார்கள். ஒப்பந்தத்தில் 'எங்கள் முடிவே இறுதி' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதை நேர்மையாகப் பயன்படுத்தவில்லை என்று அவர் வாதிட்டார். உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கம்பெனி பக்கம் நின்றது. இரண்டு வழக்கிலும் கம்பெனிகள் கேடயமாகப் பிடித்தது எதைத் தெரியுமா? மைல் திட்டம் பிறக்கக் காரணமான அதே 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தை!

2015 முதல் டெல்டா, பறந்த தூரத்துக்குப் பதிலாகக் கொடுத்த கட்டணத்துக்கு மைல் கொடுக்கத் தொடங்கியது. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையும் எடுத்துவிட்டது. மற்ற பெரிய கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. விலைப்பட்டியல் இல்லாத கடையில் பேரம் பேச முடியுமா?

இந்தப் பாயிண்டுகள் எவ்வளவு பெரிய சொத்து என்பது கொரோனா காலத்தில் வெளியே தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்றன, பணம் வேண்டும். 2020-ல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானமாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா 900 கோடி. 2021-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி. உங்களுக்கு 'இலவசம்' என்று கொடுத்ததை ஈடு வைத்தால் இவ்வளவு கடன் கிடைக்கிறது!

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் வங்கி கிரெடிட் கார்டு 1980-ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா மூலம் வந்தது. விமானத்துறை திறந்துவிடப்பட்ட பிறகு 1990-களில் மைல் திட்டங்களும் வந்தன. இங்கே இரண்டு விமானக் கம்பெனிகளின் முடிவை ஒப்பிட்டுப் பாருங்கள். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல்கள் செல்லாக்காசாயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. ஆனால் அதன் பாயிண்ட் திட்டம் 2014-லேயே தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டு, பாதிக்கு மேற்பட்ட பங்கு எத்திஹாட் கையில் இருந்தது. அது இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. இரண்டு விமானமும் நின்றன, ஒன்றின் பாயிண்ட் மட்டும் பிழைத்தது. பாயிண்ட் யார் கையில் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில். எந்த கார்டு என்று பெயர் சொல்லமாட்டேன். சலுகைகள் மாறிக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

முதல் கணக்கு, ஒரு பாயிண்டின் மதிப்பு. நீங்கள் போகவேண்டிய டிக்கெட் 9,000 ரூபாய் என்று வையுங்கள். பாயிண்டில் எடுத்தால் 15,000 பாயிண்டும் வரியாக 1,500 ரூபாயும் கேட்கிறார்கள். மிச்சமாவது 7,500 ரூபாய். அதை 15,000-ஆல் வகுத்தால் பாயிண்டுக்கு 50 பைசா. இதே முறையில் இரண்டு மூன்று கார்டுகளை ஒப்பிடுங்கள். 'பத்தாயிரம் பாயிண்ட் இலவசம்' என்ற விளம்பரம் இந்தக் கணக்குக்குப் பிறகு வேறு மாதிரி தெரியும்.

இரண்டாவது, ஆண்டுக் கட்டணம். 5,000 ரூபாய் கட்டணம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 5,900. 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட் தரும் கார்டில் ஆண்டுக்கு 3 லட்சம் செலவு செய்தால் 8,000 பாயிண்ட். 50 பைசா வீதம் 4,000 ரூபாய். கார்டுக்காக நீங்கள்தான் 1,900 ரூபாய் கைவிட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். வாடகை, பெட்ரோல், இன்சூரன்ஸ் போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயிண்ட் கிடையாது அல்லது குறைவு. அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வெளிநாட்டுச் செலவு. பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி.யோடு 4.13 சதவீதம். பாயிண்டில் 2 சதவீதம் திரும்பி வந்தாலும் நஷ்டம்தான். அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் பாயிண்டைவிட இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது, வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். 50,000 ரூபாயைக் கட்டாமல் ஒரு மாதம் தள்ளினால் வட்டி 1,750, ஜி.எஸ்.டி. 315, மொத்தம் 2,065 ரூபாய். அந்த 50,000 ரூபாய்க்குக் கிடைத்த பாயிண்டின் மதிப்போ சுமார் 667 ரூபாய். ஒரு மாத வட்டி மூன்று மாதப் பாயிண்டைத் தின்றுவிடுகிறது. 'குறைந்தபட்சத் தொகை' கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதாமாதம் முழுத்தொகையும் கட்ட முடியாதவர்களுக்குப் பாயிண்ட் கார்டே வேண்டாம். இதை உங்கள் மேல் உள்ள உரிமையோடு சொல்கிறேன்.

கடைசியாக, சேர்த்து வைக்காதீர்கள். உறவில் ஒரு பிள்ளை, அப்பா அம்மாவை விமானத்தில் காசிக்கு அழைத்துப் போகவேண்டும் என்று மூன்று ஆண்டுகள் ஆசையாகப் பாயிண்ட் சேர்த்தான். கையில் இருந்தபோது "இன்னும் கொஞ்சம் சேரட்டும், நல்ல ஓட்டலும் சேர்த்து எடுக்கலாம்" என்று தள்ளிப்போட்டான். ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. மைலாக மாற்றும் விகிதம் பாதியாகக் குறைந்துவிட்டது. மறுபடி சேர்க்கத் தொடங்கினான். அதற்குள் அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போனது. இப்போது அவரால் வீட்டுப் படி இறங்குவதே சிரமம். கம்பெனி விதியை மீறவில்லை, விதியை மாற்றும் உரிமை அவர்களிடம்தான் இருந்தது. 1988-ல் அமெரிக்காவில் நடந்ததுதான் நம் வீட்டிலும் நடந்தது.

பாயிண்ட் சேமிப்பு அல்ல. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி வரும், சட்டப் பாதுகாப்பு உண்டு. பாயிண்டுக்கு இரண்டும் கிடையாது. ஒரே விமானக் கம்பெனிக்குள் மாட்டிக்கொள்ளாமல், பல கம்பெனிகளுக்கு மாற்றக்கூடிய வங்கிப் பாயிண்டாக வைத்திருப்பது நல்லது. அதையும் பயணம் முடிவானதும் மாற்றுங்கள், முன்கூட்டியே மாற்றாதீர்கள். ஓராண்டுக்குள் செலவழித்துவிடுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். அமெரிக்காவின் பாஸ்டன் மத்திய வங்கி ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கார்டுக்காகக் கடைக்காரர் கட்டும் கட்டணம் பொருள் விலையில் ஏறுவதால், ரொக்கமாக வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறது என்றது அது. பச்சை ஸ்டாம்ப் கதைதான். அதனால் நம் தெருவில் உள்ள சின்னக் கடைக்காரர் "கார்டு வேண்டாம் தம்பி, ஜிபே பண்ணுங்க" என்றால் பாயிண்ட் போகிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். அவருடைய லாபமே இரண்டு மூன்று சதவீதமாக இருக்கலாம்.

இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் கார்டின் கடைசி 12 மாத பில்லை எடுத்து, மேலே சொன்ன நான்கு கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பாயிண்ட் மிச்சம் இருந்தால் அப்பா அம்மாவிடம் எங்கே போக ஆசை என்று இன்றே கேட்டுத் தேதி குறியுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.