ஊடுருவு வினைச்சுவர்

நிலத்தடி நீரில் கலந்த கன உலோகங்களை, நீரை மேலே இறைக்காமல் மண்ணுக்குள்ளேயே பிடித்து நிறுத்தும் முறை. மாசு நகரும் பாதைக்குக் குறுக்கே அகழி தோண்டி, பெரும்பாலும் இரும்புத் துருவலை நிரப்புவார்கள். பெயர்தான் சுவர், தண்ணீரை அது தடுப்பதில்லை. சுற்றியுள்ள மண்ணைவிட எளிதாக நீர் புகும்படி அமைக்காவிட்டால் ஓட்டம் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய்விடும்.

நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள எலிசபெத் சிட்டி. அங்குள்ள கடலோரக் காவல்படைத் தளத்தின் குரோமிய முலாம் பட்டறையிலிருந்து கசிந்த கழிவு, பாஸ்குவோடாங்க் ஆற்றை நோக்கி நகர்ந்தது. 1996 ஜூனில் 46 மீட்டர் நீளம், சுமார் 7 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் இரும்புச் சுவர் அமைக்கப்பட்டது. இரும்பு துருப்பிடிக்கும்போது எலக்ட்ரான்களை இழக்கிறது. நீரில் கரைந்தோடும் நச்சான ஆறு இணைதிறக் குரோமியம் அவற்றைப் பெற்று மூன்று இணைதிற வடிவுக்கு மாறி, ஹைட்ராக்சைடாக இரும்புத் துகள்மீதே படிந்துவிடுகிறது. கூடவே வந்த டிரைகுளோரோஎத்திலீன் கரைப்பானும் அங்கே சிதைந்தது.

மின்சாரமோ பம்போ வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய வசதி. ஆனால் உலோகம் அழிவதில்லை, சுவரிலேயே தங்குகிறது. கார்பனேட் படிவுகள் நாளடைவில் துளைகளை அடைக்கும். ஆகவே கண்காணிப்புக் கிணறுகளில் மாதிரி எடுப்பதைப் பல ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும்.