சப்பாத்திக்கள்ளியைத் தின்ற பூச்சி

குலசேகரன்பட்டினம் பக்கம் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு மாவுப்பூச்சியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தளிரில் பஞ்சை ஒட்டிவைத்தது மாதிரி வெள்ளையாக அப்பிக்கொள்ளும். மொட்டு உதிரும், இலை சுருங்கும். உடனே கடைக்குப் போய் மருந்து வாங்கி அடிப்பதுதான் நம் வழக்கம். பூச்சியைப் பூச்சியாலேயே அடக்கலாம் என்று சொன்னால், "அதெல்லாம் நடக்கிற காரியமா தம்பி?" என்பார்கள். நடந்திருக்கிறது. தென்னிந்தியாவில் அதற்கு ஏறத்தாழ இருநூறு வருட வரலாறு உண்டு. அது தொடங்கியது ஒரு தவறில்.

18ஆம் நூற்றாண்டில் நல்ல சிவப்புச் சாயம் என்றால் கொச்சினீல்தான். மெக்சிகோவில் கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் பூச்சி அது, மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகளைக் காயவைக்க வேண்டும். வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில். பிரிட்டிஷ் அதிகாரிகளின் கோட்டுக்குச் சாயம் வேண்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது உறுத்தியது. கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களிலேயே சென்னையில் கள்ளித்தோட்டம் போட்டுவிட்டுப் பூச்சிக்காகக் காத்திருந்தார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

வந்தது வேறு பூச்சி. அசல் கொச்சினீலின் காட்டு உறவு. சாயம் மட்டம், லாபம் இல்லை. ஆனால் அந்தப் பூச்சிக்கு வேறொரு குணம் இருந்தது. தான் ஏறிய கள்ளியை உறிஞ்சி உறிஞ்சிச் சாகடித்தது. சாயத்துக்கு உதவாத பூச்சி களையை அழிக்க உதவுமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 1836-38இல் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1860களில் இலங்கைக்கும் போனது. ஒரு களையை ஒழிக்கவென்றே ஒரு பூச்சியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் விட்ட உலகின் முதல் முயற்சிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

அதோடு கதை முடியவில்லை. அந்தப் பூச்சி ஒரே ஒரு கள்ளி இனத்தைத்தான் தீர்த்தது. பக்கத்திலேயே மண்டிக் கிடந்த இன்னொரு சப்பாத்திக்கள்ளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவோ மேய்ச்சல் நிலத்தையும் புன்செயையும் விழுங்கிக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட துண்டும் வேர்விடும் செடியை மண்வெட்டியால் எப்படி ஒழிப்பது? அந்த இனத்துக்கென்றே வேறொரு கொச்சினீலை 1926இல் இலங்கையிலிருந்து தருவித்தார்கள். சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது.

எல்லாம் பூச்சியின் வாய் எதற்குப் பொருந்துகிறது என்பதில்தான் இருக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இது புரியும்: ஒரு சாவி ஒரு பூட்டைத்தான் திறக்கும். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்பதெல்லாம் நாம் வைக்கிற பெயர். இங்கே நிலத்தை மீட்ட அதே 1926ஆம் வருடத்துப் பூச்சி இனம் 2014இல் மொராக்கோவில் தென்பட்டது. அங்கே கள்ளி களை அல்ல, பழத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வேலிக்கும் வளர்க்கிற பயிர். நமக்கு வரமாக வந்தது அங்குள்ள விவசாயிக்குச் சாபமாகப் போனது.

பொருத்தம் பார்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்துச் சாட்சி உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள்; மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக இறங்காது. 2010இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை பெங்களூருக்கு வரவழைத்துச் சோதித்து, தமிழ்நாட்டில் விட்டார்கள். அவற்றில் முக்கியமானது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். சீக்கிரமே பூச்சி அடங்கியது.

மாடித்தோட்டக்காரர்களுக்கு இந்த வரலாறு சொல்வது இரண்டு விஷயம். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஒரு பொறிவண்டு இன்றும் மாவுப்பூச்சியைத் தின்கிறது. அதன் புழுவும் வெள்ளை மெழுகுத் திரி போர்த்தி, பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். பெரிதாக, சுறுசுறுவென்று ஓடினால் அது நம்ம ஆள், நசுக்கிவிடாதீர்கள். அடுத்தது எறும்பு. மாவுப்பூச்சி விடும் இனிப்புநீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை நெருங்க விடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியைக் கழுவுங்கள், எறும்பு ஏறும் வழியை அடையுங்கள்.

அதற்குப் பிறகும் மருந்துதான் வேண்டும் என்றால், அடிக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாக உப்பிக் காய்ந்த மாவுப்பூச்சிகள் இருந்தால் உள்ளே குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. நாம் தெளிக்கும் மருந்து முதலில் கொல்வது அதைத்தான்.