ஆய்வுரையின் பாயிரம்



பாயிரம் இல்லாத நூலை நூலென ஏற்க நம் முன்னோர் ஒருப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகள் எட்டு என வகுத்தார். நூலைச் செய்தவர் யார், அதன் பெயர் யாது, எதன் வழிவந்தது, எவ்வெல்லையில் வழங்குவது, எவ்வாறு அமைந்தது, எதனைக் கூறுவது, யார் கேட்டற்குரியது, கேட்டவர் அடையும் பயன் என்ன என்பனவே அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர்.

இன்றைய விஞ்ஞான ஆய்வுரையின் முதற்பக்கத்தை நோக்குங்கள். தலைப்பு, ஆசிரியர் பெயர், அவர் பணிபுரியும் நிறுவனம், தேதி, பொருட்சுருக்கம் என்பன அங்கே நிரலாக நிற்கின்றன. பழைய பாயிரம் புதிய கோலத்தில் வந்திருக்கிறது என்பதன்றி வேறென்ன?

அக்கோலத்தை அமைக்கும் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத், தமது நூலின் அச்சுப்படிகளின் அழகின்மை கண்டு மனம் நொந்தார். அந்த மனக்குறையிலிருந்து பிறந்ததே டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள். 1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மீது லேடெக் என்பதைக் கட்டினார். அதில் டைட்டில், ஆதர், டேட் என்னும் கட்டளைகள் செய்தியை வாங்கி வைத்துக்கொள்ளும்; மேக்டைட்டில் என்று பணித்த பின்னரே முகப்பு உருவாகும். எழுத்தின் பருமனையும் இடைவெளியையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். உண்மையைக் கூறும் பொறுப்போ ஆசிரியருடையது.

இங்கே இரண்டு செய்திகளை நம் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். பாயிரத்தை ஆசிரியனின் குருவோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்தல் வேண்டும் என்பது பழைய மரபு. தற்புகழ்ச்சி தகாது என்பதே காரணம். இன்று பொருட்சுருக்கத்தை ஆய்வாளரே எழுதுகிறார். ஆதலின் அடக்கம் இருமடங்கு வேண்டும்.

மற்றொன்று பெயர். 1928இல் நேச்சர் இதழில் வெளியான புகழ்பெற்ற ஆய்வுக்குறிப்பில் சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் நின்றன. ஆசிரியரோடு மாணவரும் உரிமை பெற்றார். நம்மவர்க்கோ குடும்பப் பெயர் இல்லை. தலையெழுத்துப் பெரும்பாலும் தந்தையைக் குறிப்பது. அதனை விரித்துக் கடைசியில் எழுதினால், மேல்நாட்டு அட்டவணைகள் மகனின் உழைப்பைத் தந்தையின் பெயரில் ஏற்றிவிடும். ஆகவே ஒரு வடிவத்தைத் தேர்ந்து, எல்லா ஆய்வுரைகளிலும் அதனையே கையாளுக.

ஊவாத் தோட்டங்களிலே பேர் என்ற சொல்லுக்கு ஒருநாள் வேலை என்பதும் பொருள். அரைநாள் உழைத்தவர்க்கு அரைப்பேர். செக்ரோலில் பேர் விழாவிடில் கூலி இல்லை. அவ்வாறு உழைத்தோரிற் பெரும்பாலோரின் பெயர்கள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டின் குடிகளுள் இடம்பெறாது போயின. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோன்றியது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கே பட்டப்படிப்பாயிற்று. கொழுந்து பறித்தவர் வழிவந்த பிள்ளை தேயிலையைப் பற்றி ஆய்வுரை எழுதும் நாளில், அதன் முகப்பிலே அப்பிள்ளையின் பெயர் பிழையின்றி நிற்றல் வேண்டும். அது வெறும் அலங்காரமன்று, உழைப்பின் பதிவு.