கிருபையும் உழைப்பும்: வேப்பேரி பப்ரிசியஸ் ஐயரின் வாழ்வு தரும் பாடம்

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டுப் பகுதியில் நாம் சந்திக்கும் சபையாரில் பலர் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைப்பவர்கள். வாழ்நாளெல்லாம் பாடுபட்டும் முதுமையில் கடனாளியாய் நிற்கும் விசுவாசியைத் தேவகிருபை கைவிட்டதோ என்று அவர்கள் வினவுகின்றனர். உழைத்தவன் உயர்வான் என்று ஒரு பிரசங்கியார் சொல்லுகிறார். எல்லாம் கிருபையே, உழைப்பில் ஒன்றுமில்லை என்று மற்றொருவர் சொல்லுகிறார். இவ்விரு விடைகளும் போதா என்பதற்கு இதே சென்னை மாநகரில், வேப்பேரியில் நடந்த வரலாறு ஒன்று சான்று பகர்கிறது.

ஜெர்மனி நாட்டில் 1711ஆம் ஆண்டு பிறந்த யோவான் பிலிப்பு பப்ரிசியஸ், முதலில் சட்டமும் பின்னர் ஹாலே நகரில் இறையியலும் பயின்றவர். 1740இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த அவர், 1742இல் சென்னைத் திருச்சபையின் பொறுப்பை ஏற்றார். அக்காலம் அமைதியான காலமன்று. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1758இல் மீண்டும் முற்றுகையிட்டனர். ஐயரும் அவருடைய மந்தையும் பழவேற்காட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பும் நாட்டை அலைக்கழித்தது.

இத்துன்பங்களுக்கு நடுவே அவர் தமிழ் வேதாகமப் பணியைக் கைவிடவில்லை. சீகன்பால்கு ஐயர் தொடங்கி வைத்து, சூல்ச் ஐயர் தொடர்ந்த மொழிபெயர்ப்பைத் திருத்தப் புகுந்தவர், திருத்தம் போதாது என்று கண்டு புதிதாகவே மொழிபெயர்க்கலானார். தமிழறிந்தோரைக் கலந்து, எழுதியதை மீண்டும் மீண்டும் சீர்ப்படுத்தினார். 1761இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தபோது, போரின் கொள்ளைப்பொருள் திருமறையின் கருவியாயிற்று. 1772இல் புதிய ஏற்பாடும், 1774இல் ஞானப்பாட்டுகளின் தொகுப்பும், 1779இல் ஏறத்தாழ 9000 சொற்களைக் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியும் அங்கே வெளிவந்தன.

இத்தகைய ஊழியரின் இறுதிக்காலம் புகழ் சூழ்ந்ததாக இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். உண்மை வேறு. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தை அவர் பிறருக்கு வட்டிக்குக் கொடுத்தார். பெற்றவர்கள் திருப்பிச் செலுத்தவில்லை. நம்பிக் கொடுத்தோர் இழப்புற்றனர். முதிர்ந்த வயதில் ஐயர் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1788இல் சபைப் பொறுப்பைக் கெரிக்கே ஐயர் ஏற்க வேண்டியதாயிற்று. 1791 ஜனவரியில், 80ஆம் வயதில், பப்ரிசியஸ் ஐயர் மரித்தார். தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சாகி வந்த அவருடைய பழைய ஏற்பாடு 1796இல்தான் நிறைவு பெற்றது. அதை முழுமையாகக் காண அவர் இருக்கவில்லை.

ஆயினும் அப்பணி அழியவில்லை. லுத்தரன் திருச்சபையார் பல தலைமுறைகளாக அம்மொழிபெயர்ப்பைப் போற்றினர். பின்வந்த மொழிபெயர்ப்பாளர்களும் அதனால் பயனடைந்தனர். அவர் பெயர் தாங்கிய அகராதி விரிவாக்கம் பெற்று 1972இலும் தரங்கம்பாடியில் பதிப்பிக்கப்பட்டது.

இங்கே இரு தவறுகளுக்கு நாம் விலக வேண்டும். வேதாகமப் பணியின் சிறப்பைக் காட்டிக் கடனை மறைப்பது முதல் தவறு. அவரை நம்பிப் பணம் இழந்த எளியோருக்கு அது அநீதியாகும். கடனைக் காட்டிப் பணியைத் தள்ளுவது இரண்டாவது. அது தேவன் தந்த ஈவை மறுப்பதாகும். பவுல் அப்போஸ்தலன் 1 கொரிந்தியர் 15:10இல் தம் மிகுந்த பிரயாசத்தை மறுக்கவில்லை. அப்பிரயாசத்தையே கிருபையின் செயலென்று அறிக்கையிடுகிறார். ஆகவே கிருபை உழைப்புக்குக் கிடைக்கும் கூலியன்று. உழைப்பிலிருந்து ஓய்வும் அன்று. உழைப்புக்கு வேர் அதுவே. வேர் தேவனுடையதாகையால், உழைத்தவன் தளர்ந்தபோதும் கனி பிறருக்குக் கிட்டுகிறது. விடாமுயற்சியும் தனியொருவன் உடைமையன்று. ஒருவர் தொடங்கினார், மற்றவர் தொடர்ந்தார், வேறொருவர் முடித்தார்.

எனவே மேனாம்பேட்டின் தொழிலாளிக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே: வருமானத்தை வைத்துக் கிருபையை அளக்கலாகாது, கடனைக் கொண்டு ஒருவனுடைய உழைப்பனைத்தையும் வீணென்று தீர்க்கலாகாது. ஊழியராகிய நமக்கோ கடமை இரண்டு உண்டு. சபைப் பணத்திற்குத் தெளிவான கணக்கு வைப்போம். விழுந்த சகோதரனுடைய பணியைச் சுமந்து முடிப்போம். இவ்விரண்டும் கிருபையின் ஊழியமே.