சாரம் நழுவக் கூடாது, இடுப்பும் வலிக்கக் கூடாது! பச்சை பெல்ட்டை எப்படிக் கட்டணும்?

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்க. கட்டம் போட்ட சாரம், அதுக்கு மேல பை வெச்ச அகலமான பச்சை பெல்ட். ஆட்டைத் தூக்கிப் பார்க்கும்போதும் சரி, குனிஞ்சு பணத்தை எண்ணும்போதும் சரி, அந்தக் கை சாரத்துக்குப் போகவே போகாது. நாமளோ வீட்டு வாசல்ல நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள இடுப்பைப் பிடிச்சுக்கிறோம்!

பேண்ட்டைத் தாங்க லண்டனில் ஆல்பர்ட் தர்ஸ்டன் 1820-லேயே சஸ்பெண்டர் விற்க ஆரம்பிச்சுட்டார். பேண்ட்டில் பட்டன் தைக்க இடுப்புப் பட்டி இருக்கு, பாரத்தைத் தோள் வாங்கிக்கும். மத்த ஊர்ல லுங்கி, கைலினு சொல்ற நம்ம சாரத்துக்கு அந்த வசதி கிடையாது. மடிப்பும் உரசலும்தான் அதைப் பிடிச்சு நிறுத்தணும்.

கட்டும் முறை

1. புதுச் சாரத்தில் கஞ்சி இருக்கும், மடிப்பு நிக்காது. ரெண்டு தடவை அலசிட்டுக் கட்டுங்க. பாலியஸ்டர் வழுக்கும், பருத்திதான் பிடிக்கும்.

2. சுமார் 2 மீட்டர் துணியின் ரெண்டு ஓரத்தையும் டெய்லரிடம் கொடுத்து மூட்டிடுங்க. மூட்டாத சாரம் நடக்கும்போது விலகும்.

3. உள்ளே நின்னு, மிச்சத் துணியை ஒரு பக்கமா இழுத்து முன்னால மடிங்க. மேல் விளிம்பை வெளிப்பக்கமா ரெண்டு சுத்து சுருட்டுங்க.

4. அந்தச் சுருட்டு மேலேயே பெல்ட்டைக் கட்டுங்க. ரெண்டு விரல் உள்ளே போகணும். அகலமான பெல்ட் அழுத்தத்தைப் பரப்பும், ஒல்லியான பெல்ட் ஒரே கோட்டில் அறுக்கும். சாப்பிட உட்காரும்போது கொஞ்சம் தளர்த்திக்கோங்க.

5. பெல்ட் பையில் பணம் மட்டும் இருக்கட்டும். போனை வெச்சா ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்டைலா தெரியணுமா?

சாரம் பெரிய கட்டம்னா சட்டை ப்ளெய்னா இருக்கட்டும். வெள்ளைச் சாரத்துக்கு எந்தக் கலரும் எடுக்கும். பைக்கில் போறப்போ தொங்குற துணியை மடிச்சுக் கட்டிடுங்க. செயினில் சிக்கினா ஆளையே கவுத்திடும்.

இடுப்பைக் கவனிங்க

'இறுக்கிக் கட்டினாத்தான் நிக்கும்'னு நினைக்காதீங்க. வேட்டி இறுக்கும் இடுப்புப் பகுதியில் வரும் தோல் புற்றுநோயைப் பத்தி மும்பை மருத்துவர் கனோல்கர், சூர்யாபாயுடன் சேர்ந்து 1945-லேயே எழுதியிருக்கார். சேலை கட்டும் பெண்களிடமும் இது பதிவாகியிருக்கு. ரொம்ப அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனா வருஷக்கணக்கா ஒரே இடத்தில் உரசி, தோல் கறுத்து, செதில் உதிர்ந்து, புண் ஆறாம இருந்தா, பவுடர் போட்டுச் சமாளிக்காம தோல் டாக்டரைப் பாருங்க. உங்க வாப்பா, தாத்தாகிட்டேயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.

இன்னிக்கு ராத்திரி பெல்ட்டைக் கழட்டினதும் இடுப்பைத் தடவிப் பாருங்க. தடம் ஆழமா பதிஞ்சிருந்தா, நாளைக்குக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு விரல்கடை மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டுங்க.