ரொட்டித் துண்டும் நாலு அப்பளமும்: லண்டனில் அம்பேத்கரின் மாணவ நாட்கள்

அம்பேத்கரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பட்டங்களை அடுக்குவார்கள். எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர். மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் கைதட்டல். அந்தப் பட்டங்களை வாங்கிய மனுசர் காலையில் என்ன சாப்பிட்டார், ராத்திரி எப்படிக் கண் விழித்தார், செலவுக்கு யாரிடம் கடன் கேட்டார் என்பதெல்லாம் மேடைக்கு வராது. எங்கள் சேரியில் நாங்கள் நடத்துகிற இரவுப் பள்ளியில் எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏண்ணா, சீமையில அவருக்குச் சோறு கெடைச்சுதா?" பரீட்சைக்கு வராத கேள்வி. வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சோற்றுக் கணக்கைப் பேச வேண்டுமானால் பணத்திலிருந்து தொடங்க வேண்டும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை கொடுத்து அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். சும்மா கொடுக்கவில்லை. படித்துவிட்டு வந்து பத்து வருசம் பரோடா அரசுக்கு வேலை செய்வதாக ஒப்பந்தம். கொலம்பியாவில் படிப்பை முடித்து 1916 ஜூனில் லண்டனுக்குப் போனார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் பதிவு செய்துகொண்டார். ஒரு வருசம்கூட முழுசாகப் படிக்கவில்லை, உதவித்தொகைக் காலம் முடிந்தது, திரும்பி வா என்று பரோடாவிலிருந்து உத்தரவு. நாலு வருசத்துக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு 1917இல் கப்பல் ஏறினார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் வந்த கப்பல் கரை சேர்ந்தது. வயிற்றைக் கட்டி வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் வேறு கப்பலில் வந்தன. அது குண்டடிபட்டுக் கடலில் மூழ்கியது.

பரோடாவில் நடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த வருசங்களில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தன்னிடமிருந்து துடைத்துப் போயிருந்தது என்கிறார். ரயிலை விட்டு இறங்கியதும் எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியோடு அந்த நினைப்பும் திரும்பி வந்தது. இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு வந்து வெளியே போ என்றார்கள். கொலம்பியாவில் படித்த 26 வயது அறிஞர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி ரயிலுக்கு பம்பாய் திரும்பினார்.

லண்டனில் ஒரு பூட்டிய அறையும் ஒரு படுக்கையும் அவருக்கு எதைக் கொடுத்தன என்பது இந்தப் பூங்காவை நினைத்தால்தான் நமக்குப் புரியும்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை, மாதம் 450 ரூபாய் சம்பளம். பேராசிரியர் அறையில் பொதுவாக வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஆட்சேபம் வந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். நண்பர் நவல் பத்தேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். கோலாப்பூர் சாகு மகாராஜாவும் உதவினார். 1920 ஜூலையில் மறுபடியும் லண்டன். மன்னர் கொடுக்கிற காசில் படிப்பதும் கடன் வாங்கிப் படிப்பதும் ஒன்றல்ல. கடன் வாங்கியவன் தட்டில் விழுகிற ஒவ்வொரு துண்டையும் எண்ணுவான்.

அந்த நாட்களின் சாப்பாட்டை தனஞ்செய் கீர் 1954இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். வீட்டுக்காரம்மா ரொம்பக் கறார். காலையில் அந்தம்மா கொடுக்கிற ரொட்டித் துண்டும் தொட்டுக்கொள்ள ஏதோ கொஞ்சமும்தான். அதைத் தின்றுவிட்டு பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குப் போய்விடுவார். மதியச் சாப்பாட்டுக்குக் காசு இல்லை, எழுந்து போக மனசும் இல்லை. மூடுகிற நேரத்தில் கடைசி ஆளாக வெளியே வருவார். ராத்திரி படிக்கும்போது பசி குடலைப் பிடுங்கும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டு இருந்தது. நாலே நாலு அப்பளத்தைத் தகரத் தட்டில் வாட்டித் தின்றுவிட்டு, ஒரு கோப்பை பவ்ரில் குடித்துவிட்டு, விடியும்வரை புத்தகம். கூட இருந்த மாணவர் படுக்கச் சொன்னால், சாப்பிடக் காசும் தூங்க நேரமும் தன்னிடம் இல்லை என்பாராம்.

பவ்ரில் என்றால் என்ன? மாட்டுக்கறியைக் காய்ச்சி எடுத்த சாறு. புட்டியில் விற்பார்கள், வெந்நீரில் கலக்கிக் குடிப்பார்கள். நம்ம தெருவில் மாட்டுக்கறி வெந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் அது எல்லாக் கடையிலும் விற்கிற சத்துப் பானம். பிற்காலத்தில், 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில், மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் ஆராய்ந்தார். பவ்ரில் கோப்பையிலிருந்து அந்தப் புத்தகம் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே உணவு ஓர் ஊரில் மருந்தாகவும் இன்னோர் ஊரில் தீட்டாகவும் இருப்பதை வாயால் அறிந்தவர் அவர் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த நூலகத்தின் வாசிப்புக் கூடம் 1857இல் திறந்தது. பெரிய வட்டக் கூடம், மேலே குவிமாடம். காரல் மார்க்ஸ் வருசக்கணக்கில் உட்கார்ந்து படித்த இடம். அனுமதிச் சீட்டு இருந்தால் போதும், கட்டணம் இல்லை. ஏழை மாணவனுக்கு லண்டனில் பைசா வாங்காமல் கிடைத்த நாற்காலி அது. சத்தாராவில் சின்னப் பையனாக இருந்தபோது அவர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கைப் போட்டு வகுப்பின் மூலையில் தனியாக உட்கார்ந்தார். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை. சாக்கிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர் சாப்பிட எழுந்து போகாததில் என்ன ஆச்சரியம்?

இதை வைத்து வெள்ளைக்காரன் புண்ணியவான் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அவர் உட்கார்ந்திருந்தது சாம்ராஜ்யத்தின் தலைநகரில். எழுதியது அந்தச் சாம்ராஜ்யத்தின் கணக்கு வழக்கை. 1921இல் எம்.எஸ்சி. பட்டம் வாங்கினார். பேராசிரியர் எட்வின் கேனனிடம் செய்த டி.எஸ்சி. ஆய்வு 'ரூபாயின் பிரச்சினை', இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய நாணயக் கொள்கையைப் பிரித்து மேய்ந்தது. தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் காசு தீர்ந்திருந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, அந்த வருசக் கடைசியில் பட்டம் பெற்றார். இடையில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் படிக்க முயன்றார். ஜெர்மன் மொழியிலேயே விண்ணப்பம் எழுதினார். அங்கே நீடிக்க முடியவில்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு பற்று இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை. லண்டனில் அவர் ஒருவேளை சாப்பாட்டை விட்டார் என்றால், பம்பாய் பரேல் குடியிருப்பில் ரமாபாய் எத்தனை வேளை விட்டார்? பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கைச் சிறு வயசிலேயே பறிகொடுத்தவர் அவர். மிஞ்சியவர் யஷ்வந்த் ஒருவர்தான். புருசன் கடல் கடந்து படிக்க, கடனும் வறுமையுமாக வீட்டைச் சுமந்தவர். 1935இல் இறந்துபோனார். 1940இல் வந்த பாகிஸ்தான் பற்றிய நூலை அம்பேத்கர் ரமாபாயின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். நட்பும் பணமும் இல்லாத நாட்களில் தன்னோடு சேர்ந்து துன்பப்பட்டதை அதில் நன்றியோடு குறிப்பிட்டார். டி.எஸ்சி. பட்டத்தில் ரமாபாயின் பட்டினியும் இருக்கிறது என்று நம் பெண்கள் உரிமையோடு சொல்லலாம்.

"பாருங்க, கஷ்டப்பட்டுப் படிச்சு முன்னேறினாரு, சலுகை கேக்கலை" என்று பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியிலும் ஓர் ஆசிரியர் எங்களைப் பார்த்து இதைச் சொல்லுவார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நாங்கள் மனு கொடுத்த வாரத்தில் கூடுதலாகவே சொன்னார். அம்பேத்கர் பட்டினியைப் பெருமையாக நினைத்திருந்தால், 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவுக்குப் போனதும் தாழ்த்தப்பட்ட மாணவர் கல்விக்குப் பணம் கேட்டு ஏன் மனு எழுதினார்? மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்க வைத்தார். தன் வயிறு அறிந்த நியாயம் அது. நாலு அப்பளத்தில் இன்னொரு பிள்ளை டி.எஸ்சி. எழுதக் கூடாது என்று நினைத்தார்.

தாழ்த்தப்பட்ட மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1950களில் வந்தது. 2022இல் அதில் ஒரு விதியைச் சேர்த்தார்கள்: இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது. 1916 மே மாதம் கொலம்பியாவில் அம்பேத்கர் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை இந்த விதியின் முன்னால் வைத்துப் பாருங்கள். ஒரு காசு பெயராது. வெளியூருக்குப் போ, படி, ஆனா ஊரைப் பத்திப் பேசாதே என்கிறார்கள். அவர் வெளியூருக்குப் போனதே ஊரைப் பற்றிப் பேசத்தான்.

அவர் 1921-22இல் தங்கிய கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவில்லம் ஆக்கியது. வீட்டை நினைவிடமாகப் பயன்படுத்த அனுமதியில்லை என்று உள்ளூராட்சி தடுத்தது. 2020இல்தான் அனுமதி கிடைத்தது. போகிறவர்கள் போய்ப் பார்க்கட்டும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று நமக்கு இருக்கிறது. நம்ம பிள்ளைகள் இன்றைக்கு லண்டனிலும் ஜெர்மனியிலும் படிக்கிறார்கள். அறை வாடகை எவ்வளவு, பகுதிநேர வேலையில் எத்தனை மணி நேரம், உதவித்தொகை எத்தனை மாசம் தாமதம், கூடத் தங்கிய நம்மூர்க்காரன் எந்த நாளில் சாதி கேட்டான், வீட்டில் அம்மா எந்த நகையை அடகு வைத்தாள் என்று எழுதச் சொல்லுங்கள். கணக்கு நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டினியைத் தேதி போட்டு நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.